பெட்டிக்குள் ஆறு பைகள்

பிப்ரவரி 3, வெள்ளி

மதியம் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். சரக்குக் கப்பல், ஒன்பது மாத ஒப்பந்தம். அதற்கு முன்னால் இருபதாம் தேதி, இங்கேயே தூத்துக்குடியில், மருத்துவச் சோதனை. "சரி சார்" என்றேன்.

பத்தொன்பது வருடமாக மாலுமி வேலை. இந்தப் போன் வரும் ஒவ்வொரு முறையும் உடனே நாள்காட்டியில் தேதியை வட்டமிடுவேன். இந்த முறை வட்டமிடவில்லை. வெயில்தான் காரணமாக இருக்கும்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள்.

"இந்த வாட்டி ஒழுங்காக் கட்டணும். ஒரு பனியன எடுக்க மொத்தப் பெட்டியையும் கட்டில்ல கொட்டுனேன்னு போன வாட்டி நீங்கதான சொன்னீய?"

மகள் ஜெனிலா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பெண் பெட்டிக்குள் சின்னச் சின்ன ஜிப் பைகளை அடுக்குகிறாள். சட்டைக்கு ஒன்று, உள்ளாடைக்கு ஒன்று, சாக்ஸுக்கு ஒன்று. "இதுக்குப் பேரு பேக்கிங் கியூப், டாடி." ஜெசிந்தா இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். "உள்பைன்னு சொல்லிட்டுப் போ" என்றாள். அன்றைக்கே அது உள்பை ஆகிவிட்டது.

மாலை மொட்டைமாடியில் இரண்டு சிகரெட். தென்கிழக்குக் காற்று, லேசாக.

பிப்ரவரி 4, சனி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். கனவில் எங்கள் தெரு முழுக்கக் கடல் ஏறியிருந்தது. முழங்கால் அளவுதான். வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றும் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன. மூன்றாவது வீட்டுக் கதவு கிளிப்பச்சை, அடுத்தது குங்குமச் சிவப்பு. எவ்வளவு தெளிவாக இருந்தது. விழித்த பிறகும் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

பிப்ரவரி 8, புதன்

கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு பைக்கடைக்கு நானும் ஜெசிந்தாவும் போனோம். பதினைந்து வருடத்தில் அவள் எனக்காகப் பெட்டி கட்டாத பயணம் கிடையாது. ஆனால் பெட்டி சம்பந்தமாக ஒரு பொருளை அவளே கடையில் நின்று தேர்ந்தெடுப்பது இதுதான் முதல் தடவை. தாலிக்குப் பொன் பார்க்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைப்பெண் மூன்று வகை எடுத்துப் போட்டாள். ஒன்றில் முழுத்துணி மூடி. ஒன்றில் வலை மூடி. மூன்றாவதில் சுற்றிலும் இரண்டு ஜிப்.

"இதுல துணிய வச்சு ரெண்டாவது ஜிப்ப இழுத்தா பாதியாச் சுருங்கிரும்க்கா."

"சுருங்கினா எடையும் கொறையுமா?"

"எடை கொறையாதுக்கா. எடந்தான் மிச்சம்."

"அப்ப மிச்ச எடத்தப் பாத்து இன்னும் நாலு துணியத் திணிக்கச் சொல்லும். வேண்டாம்மா. வலை வச்சது போதும். தெறக்காமயே உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்."

ஜிப்பை ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை இழுத்து மூடினாள். தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒரு பையைக் காற்றில் தூக்கி எடை பார்த்தாள். ஆறு பை கொண்ட செட் ஒன்று அவளுக்குப் பிடித்தது: பெரியது இரண்டு, நடுத்தரம் இரண்டு, சின்னது இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு நிறமாம்.

"ஆறும் ஒரே நிறத்துல இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குண்ணே, சாம்பல்ல."

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். "ஒம்பது மாசம் கடலையும் இரும்பையும் பாத்துட்டு, பெட்டியத் தெறந்தா அங்கயும் சாம்பலா?"

பிறகு ஏதோ ஒப்பிட்டுப் பார்க்க, "அந்த மூலையில சிவப்புப் பை ஒண்ணு தொங்குது, எடுத்துட்டு வாங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கையில் வாங்கிப் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது பச்சைலா?"

"கடையில வெளிச்சம் பத்தல" என்றேன்.

குழல்விளக்குகள் எட்டு எரிந்துகொண்டிருந்தன. வெளியே வரும்போது எண்ணினேன்.

பிப்ரவரி 9, வியாழன்

காஸ் சிலிண்டர் வந்தது. பின்கட்டில் குழாய் வாஷர் மாற்றினேன். சி.டி.சி. என்கிற மாலுமிப் பதிவுப் புத்தகம், பாஸ்போர்ட், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை மூன்றையும் எடுத்து வைத்தேன்.

உள்பைகள் கட்டில்மேல் கிடக்கின்றன. இரண்டு பெரிய பைகளும் காய்ந்த வாழைச்சருகு நிறம். ஒவ்வொன்றும் ஒரு நிறம் என்றாளே, அந்த இரண்டை மட்டும் எதற்கு ஒரே மாதிரி எடுத்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 11, சனி

இன்று ஒத்திகை. ஜெசிந்தா தரையில் பாய் விரித்து, என் துணி எல்லாவற்றையும் குவித்து, ஜெனிலாவை உதவிக்கு வைத்துக்கொண்டாள். சட்டைகளை மடிக்கக் கூடாதாம், சுருட்ட வேண்டுமாம். சுருட்டியதை நிறுத்தி வைத்தால் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்று கலையாதாம். வேலைத்துணி ஒரு பெரிய பையில், அறைக்குள் போடுகிற துணி இன்னொரு பெரிய பையில், குளிர்த்துணி நடுத்தரத்தில், கரையிறங்கும்போது போட இரண்டு நல்ல சட்டை மற்றொரு நடுத்தரத்தில். சாக்ஸ், பனியன் எல்லாம் சின்னதில். கடைசிச் சின்னப் பையைக் காலியாகவே வைத்தாள்.

"அது எதுக்கு மம்மி காலியா?"

"அழுக்குத் துணிக்கு. இல்லைன்னா வழியில ஏதாச்சும் வாங்குனா வைக்க."

அடுக்கி முடித்துவிட்டு மொத்தத்தையும் திரும்பக் கொட்டினாள். "இப்ப நீங்க கட்டுங்க. அங்க நான் வர மாட்டேன்லா. வேலைத்துணி சிவப்புல, வீட்டுத்துணி பச்சையில. அவ்வளவுதான்."

கட்டினேன். கவனமாகத்தான் கட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஜெனிலா சிரித்துவிட்டாள். "டாடி, எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கீங்க!"

"சும்மா வெளையாட்டுக்கு" என்றேன்.

ஜெனிலாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. பைகளை ஒன்றும் செய்யாமல் எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவிய சத்தம் கேட்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால் ஊசியும் தடித்த நூலுமாக உட்கார்ந்திருந்தாள். வேலைத்துணிப் பையின் ஜிப் நுனியில் ஒரு முடிச்சு. வீட்டுத்துணிப் பையில் இரண்டு. குளிர்த்துணிக்கு மூன்று.

"கப்பல்ல கரண்டு போனா இருட்டுல தடவிப் பாத்து எடுக்கலாம்லா" என்றாள், தலையைத் தூக்காமலே.

கப்பலில் கரண்டு போவதில்லை. நல்ல யோசனை என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

காலைப் பூசை. திருச்சபையில் இது பொதுக்காலம், ஆகையால் சாமியாருக்குப் பச்சை உடுப்பு. எந்தக் காலத்துக்கு என்ன நிறம் என்பது எனக்கு மனப்பாடம்.

பிப்ரவரி 13, திங்கள்

கஸ்பார் வந்திருந்தான். முன்பு இரண்டு கப்பல்களில் ஒன்றாக வேலை செய்தோம். போன மாதம்தான், நான் போக வேண்டிய அதே இடத்தில், மருத்துவச் சோதனைக்குப் போய் வந்திருக்கிறான். டீ குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில், கண் சோதனை எப்படி என்று கேட்டேன்.

"அதே புள்ளிப் புத்தகந்தான், வலேரியன். புள்ளிக்குள்ள நம்பர் தெரியும்லா, அது. மொத பக்கத்துலருந்து வரிசையாப் பொரட்டுவாரு. பாதியிலயே போதும்னுருவாரு."

அவன் போன பிறகு போனில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முதல் பக்கம் 12. அது எனக்குத் தெரிகிறது. மற்ற பக்கங்களில் மழை பெய்த மணல் மாதிரிப் புள்ளிகள் மட்டும். கீழே விடை போட்டிருந்தார்கள். 12, 8, 6, 29, 57, 5, 3, 15, 74.

ஞாபகசக்திக்கு இது நல்ல பயிற்சி. மாடியில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். நான்கு சிகரெட்.

பிப்ரவரி 15, புதன்

ஜெனிலாவுக்கு நிலவரைபடம் தீட்டுகிற வீட்டுப்பாடம். "டாடி, பச்சை பென்சில எடுங்க, காடு அடிக்கணும்." பென்சில்களின் மேல் பொடி எழுத்தில் நிறத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் படித்து எடுத்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் இவ்வளவு சாய்க்க வேண்டியிருக்காது. அவள் சந்தோஷமாகக் காடுகளை அடித்துக்கொண்டே போனாள். இந்தியாவில் இவ்வளவு காடு இருக்கிறது என்று தெரியாது.

மதியக் கனவு: கப்பலின் மேல்தளம் முழுக்கச் செம்பருத்தி பூத்திருந்தது. நான் வாளியும் துடைப்பமுமாக நிற்கிறேன். கழுவ மனம் வரவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

கப்பலில் என் காவல் நேரம் நான்கு முதல் எட்டு. விடியலில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை. மேலே சுக்கான் சக்கரம் இருக்கிற அறையில் நின்று கடலைப் பார்ப்பதுதான் வேலை. எதிரே வருகிற கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கு, வலப்பக்கத்தில் பச்சை விளக்கு. எந்த விளக்கு தெரிகிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது, நாம் ஒதுங்க வேண்டுமா, நேரே போகலாமா என்று அதிகாரி முடிவு செய்வார்.

போன பயணத்தில், சிங்கப்பூரை நெருங்கும்போது ஒரு மாலை. சூரியன் விழுந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். கடலும் வானமும் ஒன்றாகிப் பாலாடை படிந்த மாதிரி இருந்தது. தூரத்தில் ஒரு விளக்கு. "பச்சை" என்றேன். காவலிலிருந்த முதல் அதிகாரி, சக்கரம் பிடிக்கிறவனிடம் சொல்ல வாயெடுத்தவர், எதற்கோ தொலைநோக்கியை எடுத்துத் தானும் பார்த்தார்.

"சிவப்புய்யா அது! தூங்குறியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மீன்பிடிக் கப்பல் எங்கள் முன்னால் குறுக்கே போனது. மேல்தளத்தில் ஒருவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையை அசைத்தான். அவ்வளவு பக்கம்.

மறுநாளே பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். முதுகுவலி என்று சொன்னேன். துருச் சுரண்டுவது, வண்ணம் பூசுவது. வண்ண டப்பாவிலும் பெயர் எழுதியிருக்கும்.

நான் "பச்சை" என்று சொன்னபோது எனக்குப் பச்சையும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. ஒரு வெளிறின பொட்டு தெரிந்தது. ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

பிப்ரவரி 18, சனி

12, 8, 6, 29, 57, 5, 3, 15, 74. தடங்கல் இல்லாமல் வருகிறது.

பிப்ரவரி 19, ஞாயிறு

மாலை மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். ஜெனிலா தண்ணீர் ஓரமாகச் சிப்பி பொறுக்கப் போனாள். துறைமுகத்துக்கு வெளியே நான்கைந்து கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. வெயில் சாய்ந்து அவை தண்ணீரில் நிற்காமல் தண்ணீருக்குச் சற்று மேலே மிதக்கிற மாதிரித் தெரிந்தன. இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் போதும், யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்றிருந்தது.

ஜெசிந்தா கேட்டாள்.

"மேல நின்னு லைட்டப் பாத்துச் சொல்லுவேன்னு சொல்லுவீயளே. எந்தப் பக்கம் என்ன கலரு?"

பதினைந்து வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. சொன்னேன். இடம் சிவப்பு, வலம் பச்சை.

"மாத்திச் சொன்னா?"

"மாத்திச் சொல்லக்கூடாது."

மணலை ஒரு கை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். "ஒங்க கப்பல்ல எத்தன பேரு இருப்பீய?"

"இருபத்திரண்டு."

பிறகு, கப்பல்களைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்:

"இருபத்திரண்டு பேருக்கும் யாராச்சும் ஒருத்தி பெட்டி கட்டித்தான அனுப்பியிருப்பா?"

ஜெனிலா ஈரக் கால்களோடு ஓடி வந்தாள். கை நிறையச் சிப்பி. வீட்டுக்கு வந்தோம்.

பிப்ரவரி 20, திங்கள்

பத்து மணிக்குப் போனேன். இரத்தம், சிறுநீர், மார்புப் படம், காது. எல்லாம் சரி. கடைசியாகக் கண். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். மேஜைமேல் பாதி கடித்த வெள்ளரிக்காய் ஒரு தட்டில் இருந்தது. சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் கடைசி வரிக்கு முந்தின வரிவரை வாசித்துவிட்டேன். புள்ளிப் புத்தகத்தைத் திறந்தார்.

"பன்னிரண்டு" என்றேன். புரட்டினார். "எட்டு." "ஆறு." "இருபத்தொன்பது."

"வெரிகுட்" என்றார். பேனாவை எடுத்துவிட்டார்.

ஐம்பத்தேழு என்று என் வாய் தானாகத் தயாராக இருந்தது. பக்கத்தைப் பார்த்தேன். மணல். அந்த மணலில் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் துணி காயப்போட்ட ஆள் ஞாபகத்துக்கு வந்தான். அவன் சட்டை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். பெட்டியைத் தரையில் வைத்து யாராவது முழங்காலால் அமுக்கி மூடியிருப்பார்கள்.

"டாக்டர், நான் பார்த்துச் சொல்லல. மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். புத்தகத்தின் நடுவில் எங்கோ திறந்து, "இது?" என்றார். "தெரியல." வேறொன்று. "தெரியல." இன்னொன்று. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும் சார். கொஞ்சம் கொஞ்சமா."

"சிகரெட் உண்டா?"

"உண்டு. நிறைய."

"பிறவிக் கோளாறு இல்ல இது. நரம்புல ஏதோ இருக்கு. மதுரையில பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன், ஒரு வாரத்துக்குள்ள போங்க. ஆனா கப்பலுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, புரியுதா?"

"புரியுது சார்."

எழுந்தபோது, "சொன்னீங்களே" என்றார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. சொன்னீங்களே என்று மட்டும்.

வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது. பஸ் ஏறாமல் நடந்தேன். தெருக்கள் தூங்கி எழுந்த மாதிரி இருந்தன. யாரோ ஒருவருடைய ஊரில், யாரோ ஒருவனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. துயரமா என்றால் அதுகூட இல்லை. கால்கள் மட்டும் இலேசாக இருந்தன.

வீட்டில் ஜெசிந்தா பெட்டியின் முன் உட்கார்ந்து, பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடியல ஜெசி. எனக்குச் சிவப்பு, பச்சை தெரியல. ஒரு வருஷமாத் தெரியல. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. நாந்தான் சொன்னேன் அவருகிட்ட."

எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாள்.

"அவருகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்ல ஒங்களுக்கு என்ன கேடு? பதினெட்டு நாளு! பதினெட்டு நாளா இந்தப் பெட்டியக் கட்டுதேன், பிரிக்கேன், கட்டுதேன். இப்பச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. கடையில அன்னைக்கே எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. நானாக் கேட்டுட்டா ஒங்க மனசு என்னாகுமோன்னு வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்!"

"நீ தடுத்திருக்கலாம்லா?"

"நான் தடுத்து நீங்க நின்னா, ஆயுசுக்கும் என்னயத்தான் பாத்துக்கிட்டிருப்பீய, இவ நிப்பாட்டிட்டான்னு. நீங்களா நிக்கணும்."

மூச்சு வாங்கியது அவளுக்கு. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டீயளா?" என்றாள். இல்லை என்றேன். சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து என் கண்களையே பார்த்தாள், உள்ளே ஏதாவது தெரிகிறதா என்பதுபோல.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பும்போது ஜெனிலாவிடம் கேட்டேன். "சாமியார் உடுப்பு இன்னைக்கு என்ன நிறம் பிள்ள?"

ஜெசிந்தா அவளிடம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. ஒன்றும் வியக்காமல், "ஊதா, டாடி. கத்தரிக்கா தோலு மாதிரி. ஆனா கொஞ்சம் வெளுத்துப் போச்சு, தோச்சுத் தோச்சு" என்றாள்.

இவ்வளவு நல்ல பதிலை எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 23, வியாழன்

ஏஜென்ட் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். ஐந்து நிமிட வேலை.

கஸ்பாரும் கேள்விப்பட்டு வந்தான். துறைமுகத்துக்கு எதிரே அவன் மச்சானுக்குக் கயிற்றுக் கடை இருக்கிறது. கப்பல் கயிறு பின்னி இணைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். "அதுக்குக் கலரு வேண்டாம், கை இருந்தாப் போதும்" என்றான். ஆஸ்பத்திரி போய்விட்டு வந்து, மார்ச் ஆறாம் தேதி முதல் வருவதாகச் சொன்னேன். கயிற்றுக் கடை நல்ல வேலைதான்.

பிப்ரவரி 25, சனி

மதுரைக்கு ஐந்து நாளுக்குத் துணி எடுத்து வைக்க வேண்டும். நானும் அவளும். ஜெனிலாவைப் பெரியம்மா வீட்டில் விட்டுப் போகிறோம்.

ஜெசிந்தா வழக்கம்போலத் தன் சேலைகளை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைக்கத் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எங்கே போனாலும் அந்த மாதிரி ஒரு பைதான். அதிகபட்சம் திருச்செந்தூர், ஒருமுறை வேளாங்கண்ணி.

"இங்க கொண்டா" என்றேன்.

பெரிய உள்பையிலிருந்து கப்பல் வேலைத்துணிகளை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். பை காலியானதும் கையில் காற்றாக இருந்தது. அவள் சேலைகளை ஒவ்வொன்றாக வாங்கினேன். சேலையைச் சுருட்டலாமா, மடிக்கலாமா என்று எனக்குத் தெரியாது. நூல்சேலையைச் சுருட்டினேன், பாலியெஸ்டரை மடித்தேன். ரவிக்கைகளை நடுத்தரப் பையில் வைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அது இப்படி வச்சா கசங்கிரும்."

"எப்படி வைக்கணும்?"

"சரி, இருக்கட்டும். நீங்க வச்ச மாதிரியே இருக்கட்டும்."

என் துணி பாதி, அவள் துணி பாதி. ஒரே பெட்டி. மூடினோம். அமுக்கத் தேவையில்லாமல் மூடிக்கொண்டது.

பிப்ரவரி 27, திங்கள். மதுரை

வரிசை, சீட்டு, வரிசை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்பாப்பா விரிந்து உலகமே பால் ஊற்றினது போல ஆனது. ஆட்கள் ஓரம் கரைந்து நடந்தார்கள். ஜெசிந்தாவின் கை மட்டும் என் முழங்கையில் கெட்டியாக இருந்தது.

மாலையில் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். கண் நரம்பு வாடியிருக்கிறது. புகை, கூடவே சத்துக்குறைவு. இன்றோடு சிகரெட்டை விட வேண்டும், ஊசி போட வேண்டும், மூன்று மாதம் பார்க்க வேண்டும். "கொஞ்சம் திரும்பலாம். முழுசாத் திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். ஒரு சோதனை முடிவு வியாழக்கிழமைதான் வருமாம். அதுவரை ஊருக்குப் போனாலும் சரி, இருந்தாலும் சரி.

சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டை ஜெசிந்தா கேட்காமலே எடுத்து ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

பிப்ரவரி 28, செவ்வாய்

இன்று கொச்சியில் கப்பல் ஏற வேண்டிய நாள். விடியும்போதே விழிப்பு வந்துவிட்டது. லாட்ஜ் ஜன்னலுக்கு வெளியே சின்ன வெளிச்சம். இந்நேரம் யாரோ ஒரு புது ஆள் ஏணியில் ஏறிக்கொண்டிருப்பான். நல்ல கண் உள்ளவனாக இருக்கட்டும்.

ஜெசிந்தா எழுந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இன்னும் மூணு நாளுக்குத் துவைச்ச துணி இருக்கு" என்றாள்.

"அதுக்கு?"

"அதுக்குன்னா? நீங்க ஒலகம் பூராவும் சுத்திட்டீய. நான் ஒரு மலையக்கூடப் பக்கத்துல பாத்ததில்ல."

ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பெட்டியை அவளே உருட்டினாள். எனக்குத் தர மாட்டேன் என்றாள். கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு விட்டேன். கண்டக்டர் வந்து "எங்க?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "கடைசி ஸ்டாப்பு எதுவோ, அதுக்கு ரெண்டு" என்றாள் ஜெசிந்தா. இரண்டு டிக்கெட்டையும் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

வத்தலக்குண்டு தாண்டியதும் மலை வந்தது. அவள் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் "ஏங்க, அந்தா பாருங்க", "ஏங்க, கீழ பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நான்கைந்து வளைவுகள் பார்த்தேன்.

பிறகு அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். முன்னால் என்ன வருகிறது என்று அவள் பார்த்துக்கொண்டாள்.